பெட்டி வாங்கிய படலம்

(இரண்டாம் ஆண்டு எம்.எஸ்ஸி., இயற்பியல் மாணவி ஒருவர்)

மன்ற மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். "ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்யும் சோதனைகளைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "வேண்டாம் அம்மா, படிப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வேறு எனக்கு என்ன தெரியும்? கவிதை வராது. மேடையேறிப் பேசும் நாவன்மையும் இல்லை. அண்மையில் நான் செய்த பெருஞ்செயல் ஒன்றே ஒன்றுதான்: கையில் இருந்த சிறு தொகைக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கினேன். அதைத்தான் எழுதுகிறேன். இயற்பியல் படிக்கும் 23 வயதுப் பெண்ணுக்கு விளையாட்டுப் பெட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்காரர்கள் மூவர் கேட்டார்கள். சித்தி கேட்டார். உண்மையைச் சொன்னால், நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

நான் இருப்பது நீலசந்திராவில், சித்தப்பா வீட்டில். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊர். முதுநிலைப் படிப்புக்காக இங்கே வந்தேன். நீலசந்திராவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு வீட்டின் தலைமேல் இன்னொரு வீடு, அதன் தலைமேல் தண்ணீர்த் தொட்டி, தொட்டியின் நிழலில் துணிக்கொடி. ஒரே சந்தில் தமிழும் கன்னடமும் உருதும் கேட்கும். சண்டை வந்தால் மூன்றும் ஒரே வாயில் கேட்கும். சித்தப்பா கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறவர். 1997-ஆம் ஆண்டில் தேசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்கள் தங்குவதற்காகக் கோரமங்கலத்தில் அடுக்கு வீடுகள் கட்டினார்கள் அல்லவா? அந்த விளையாட்டுக் கிராமத்தில்கூட அவருக்கு அவ்வப்போது வேலை வரும். விளையாட்டுக் கிராமத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, ஓடி விளையாட ஓரடி இடமில்லாத வீட்டுக்குத் திரும்பி வருவார். சித்தி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். அவர்களுக்கு ஒரே பிள்ளை. பத்தாம் வகுப்பு. எனக்குத் தம்பி.

சென்ற ஆகஸ்டு மாதம் ஒரு மாலை. அரிசி டிரம்முக்குள் சித்தி பத்திரப்படுத்தி வைத்திருந்த ஐந்நூறு ரூபாயைக் காணவில்லை. எலி தின்றிருக்காது, எங்கள் வீட்டு எலிகள் அவ்வளவு வசதி படைத்தவை அல்ல. சித்தப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. சித்தப்பாவின் கை ஓங்கியது. நடுவே போய் நின்றேன். அந்த அடியில் பாதி என் தோளில் விழுந்தது என்பதை இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் தம்பி இதைப் படிக்கக்கூடும்.

எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு விளையாட்டுக் கடை. பாதி இறக்கிய ஷட்டர். உள்ளே நான்கு தொலைக்காட்சிகள், நான்கு பிளேஸ்டேஷன் 4, கிழிந்த சோபாக்கள், ஒரே ஒரு மின்விசிறி. ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய். மறுநாள் அங்கே போனேன். நான் உள்ளே நுழைந்ததும் பையன்கள் எல்லாரும் தலைமை ஆசிரியர் வந்ததுபோல எழுந்து நின்றார்கள். கடை நடத்துபவர் நல்ல மனிதர்தான். குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். தம்பியின் பெயருக்கு நேரே கோடு கோடாக 25 கோடுகள். ஆம், ஐந்நூறு ரூபாய் கொடுத்தது போக, கடன் மட்டுமே 1,250 ரூபாய்! "நான் கேக்கல அக்கா. அவனாத்தான் அடுத்த வாரம் தர்றேன், அடுத்த வாரம் தர்றேன்னு சொன்னான்" என்றார் அவர். எனக்குக் கோபம் வரவில்லை. பதினைந்து வயதில் கடன்காரனாய் அந்தச் சந்தைத் தாண்டிப் பள்ளிக்கு நடக்கும் பிள்ளையின் முகம்தான் கண்முன் வந்தது.

என்னிடம் பணம் இருந்தது. மாலையில் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, எட்டு மாதத்தில் 11,400 ரூபாய் சேர்த்திருந்தேன். கர்நாடகத்தில் 2023-ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மாநில முகவரி உள்ள அட்டை வேண்டும். சித்திக்கு இருக்கிறது, என் அட்டையில் ஊத்தங்கரை இருக்கிறது. ஆகவே பக்கத்து இருக்கையில் சித்தி அரசியாய் அமர்ந்து வருவார், நான் சில்லறை எண்ணுவேன். அப்படி எண்ணிச் சேர்த்த பணம் அது. அதிலிருந்து 1,250 ரூபாயைக் கொடுத்து 25 கோடுகளையும் அடிக்கச் சொன்னேன். மீதி 10,150.

வீட்டுக்கு வந்து எல்லார் முன்னிலையிலும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். "வீட்டிலேயே ஒரு பெட்டி வாங்கித் தருகிறேன். அந்தக் கடையில் கடன் சொல்லக் கூடாது. அரிசி டிரம்மில் கை வைக்கக் கூடாது." தம்பி நிமிர்ந்து பார்த்தான். சித்தப்பா எதுவும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். சித்தி மட்டும், "பத்தாயிரம் ரூபாய்க்கு விளையாட்டா? அதுல தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கினா எனக்குக் கால்வலியாவது போகும்" என்றார். இந்தச் சொல் என் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. ஏனென்றால் அது முழுக்க முழுக்க நியாயமான சொல்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பிக்காக மட்டும் அந்த வாக்கை நான் கொடுக்கவில்லை. நான் சிறுமியாய் இருந்தபோது எங்கள் ஊரில் மாமா வீட்டுப் பையன்களிடம் ஒரு 'டிவி கேம்' இருந்தது. சாம்பல் நிறப் பெட்டி. அதன் தலையில் மஞ்சள் கேசட்டு. கேசட்டின்மேல் 'ஒன்றில் 9,999' என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருந்தவை எட்டோ பத்தோ ஆட்டங்கள்தான். அவையே பெயர் மாறி மாறி வரும். சப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டில் ஃபேமிகாம் என்றொரு பெட்டியை விற்கத் தொடங்கியது. நம் ஊர்த் திருவிழாக் கடைகள் வரை வந்து சேர்ந்தவை அதைப் பார்த்துச் செய்த படிகள் என்று பின்னாளில் அறிந்தேன். ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு கைப்பிடிகள் இருந்தன, நான் எப்போதும் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தேன் என்பதுதான். "உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்பார்கள். யாராவது கொல்லைப்புறம் போக எழுந்தால் அந்த இரண்டு நிமிடம் மட்டும் கைப்பிடி என்னிடம் வரும். மீசைக்கார மாரியோவைப் பள்ளத்தில் தள்ளுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

பிறகு படிப்பு, தேர்வு, மதிப்பெண் என்று காலம் போயிற்று. முதுநிலை ஆய்வுக்கூடத்தில் அலைகாட்டித் திரையில் பச்சைப் புள்ளி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் பேராசிரியர் ஒரு செய்தி சொன்னார். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைப் பொதுமக்கள் பார்க்க வந்தார்கள். சுவரில் தொங்கும் படங்களைக் காட்டினால் கொட்டாவி விடுகிறார்களே என்று வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் யோசித்தார். எறிபொருளின் பாதையைக் கணக்கிடும் கணிப்பொறி ஒன்றை, ஐந்து அங்குல அலைகாட்டித் திரையோடு இணைத்து, ஒரு டென்னிஸ் ஆட்டம் செய்து வைத்தார். மக்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு இன்னும் பெரிய திரை. நிலவிலும் வியாழனிலும் ஈர்ப்பு விசை எப்படியோ அப்படிப் பந்து துள்ளும் வசதியும் சேர்ந்தது. அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த மனிதர் அவர். பிற்காலத்தில் அணு ஆயுதங்கள் பெருகக் கூடாது என்று பாடுபட்டவரும் அவரே. அந்த டென்னிசுக்கு அவர் காப்புரிமைகூட வாங்கவில்லை. அதைக் கேட்டதிலிருந்து, விளையாட்டுப் பெட்டி என்றால் பொறுப்பற்ற பையன்களின் பொருள் என்னும் எண்ணம் எனக்குப் போய்விட்டது. அலைகாட்டியில் தொடங்கியது என்றால் அது எங்கள் துறைச் சொத்தல்லவா?

சரி, பெட்டிக்கு வருவோம்.

தம்பி கேட்டது பிளேஸ்டேஷன் 5. ஆசைக்கு ஏது அணை? 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். அதன்பின் விலை கூடத்தான் செய்தது. மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் வரிசையில் சிறியது, எஸ் என்னும் வகை, 2020-ஆம் ஆண்டு நவம்பரில் 34,990 ரூபாய்க்கு வந்தது. அதில் வட்டுப் போடும் வாயே கிடையாது. ஆட்டங்கள் எல்லாம் இணையம் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஓர் ஆட்டம் ஐம்பது, அறுபது கிகாபைட்டு என்றால், கைப்பேசி இணையத்தை நம்பி வாழும் எங்கள் வீட்டில் அது இறங்கி முடிவதற்குள் தம்பிக்கு மீசை நரைத்துவிடும். பழைய வட்டை வாங்கி ஆடிவிட்டு இன்னொருவருக்கு விற்பதற்கும் வழியில்லை. பணமில்லாதவர்களுக்கு வட்டு என்பது வெறும் ஆட்டமன்று, கைமாற்றத்தக்க சொத்து. பெட்டி வாங்க நினைக்கும் தோழர்கள் இதை மறக்க வேண்டாம். நின்டெண்டோ சுவிட்சு 2017-இல் உலகெங்கும் வந்தபோதும் அந்த நிறுவனம் அதை இந்தியாவில் நேரே விற்கவில்லை. தனியார் கொண்டுவந்து விற்றார்கள். பழுதானால் யாரிடம் போய் நிற்பது? அதையும் விட்டேன்.

மிஞ்சியவை பழைய பெட்டிகள். பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 2. இவை போக, விரல் நீளக் குச்சி ஒன்றைத் தொலைக்காட்சியின் முதுகில் செருகினால் பத்தாயிரம் ஆட்டம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது. அந்தப் பத்தாயிரத்தைக் கேட்டவுடன் எனக்கு 9,999 நினைவுக்கு வந்தது. தொடவில்லை.

பழைய பிளேஸ்டேஷன் 4 பதினைந்தாயிரம் என்றார்கள். கொஞ்சம் கடன் வாங்கினால் முடியும். கடைக்குச் சமமான பெட்டி வீட்டில் இருந்தால்தானே பையன் வீட்டில் இருப்பான்? இரண்டு நாள் அப்படித்தான் எண்ணினேன். அப்போதுதான் வீட்டுத் தொலைக்காட்சியைத் திரும்பிப் பார்த்தேன்.

அதைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். 2006-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குறுதி தந்து, அதே ஆண்டில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி அது. பதினான்கு அங்குலம். ஊர் அட்டைக்குக் கிடைத்ததைச் சித்தப்பா பேருந்தின் கூரைமேல் ஏற்றி, வழி முழுவதும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நீலசந்திராவுக்குக் கொண்டுவந்தாராம். இன்றும் ஓடுகிறது. கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சி, முதுகு பெருத்தது, தலையில் சித்தி பின்னிய விரிப்பு. அதன் பின்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள். அவ்வளவுதான். இக்காலப் பெட்டிகளின் எச்.டி.எம்.ஐ. வடம் செருகுவதற்குத் துளையே இல்லை. பிளேஸ்டேஷன் 4-இல் மூன்று துளைக்கான வழி இல்லை!

மாற்றித் தரும் சிறு கருவி ஒன்று நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் மன்றத்து நண்பர் ஒருவர் தம் பிளேஸ்டேஷன் 4-ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை பையில் போட்டு எடுத்து வந்தார். இணைத்துப் பார்த்தோம். படம் வந்தது. ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். ஆனால் எழுத்து? மூலையில் இருப்பது கோல் கணக்கா கடிகாரமா என்று எனக்கும் நண்பருக்கும் வாக்குவாதமே வந்தது. காரணம் எளிது. அந்த மஞ்சள் துளை வழியாக வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. நம் நாட்டு முறையில் படத்துக்குக் கிடைப்பவை 576 கோடுகள். 1,080 கோடுகளுக்காக வரைந்த எழுத்தை அதற்குள் திணித்தால், திருவிழாக் கூட்டத்தில் குழந்தை காணாமற்போவதுபோல் எழுத்து காணாமற்போகும். பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் மூன்று துளை வடம் உண்டு; ஆனால் அவற்றின் ஆட்டங்களும் அகலத் திரைக்காகச் செய்தவையே. மங்கல் சற்றுக் குறையும், தீராது.

எக்ஸ்பாக்ஸ் 360 பற்றி ஒரு செய்தி. தொடக்க காலப் பெட்டிகளில் முகப்பில் சிவப்பு விளக்கு வளையமாக எரிந்து, பெட்டி செத்துவிடும். சூடாவதும் ஆறுவதுமாக இருந்தால் உள்ளிருக்கும் சில்லு ஒரு விதமாக விரியும், அதைத் தாங்கும் பலகை வேறு விதமாக விரியும். இடையில் இருக்கும் ஈயப்பற்று விரிசல் விடும். 2007-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்டு நிறுவனம் இதற்காக மூன்று ஆண்டு உத்தரவாதம் தந்து, நூறு கோடி டாலருக்குமேல் ஒதுக்க நேர்ந்தது. வெப்ப விரிவுக் கெழு என்று முதலாண்டில் மனப்பாடம் செய்தோமே, அதன் விலை அவ்வளவு. முதல் வகை பிளேஸ்டேஷன் 3 ஆடும்போது ஏறக்குறைய 200 வாட்டு இழுக்கும். சித்தி வீட்டில் கிருக ஜோதித் திட்டத்தில் மின்கட்டணம் இல்லை. ஆனால் பழைய சராசரிக்குமேல் பத்து விழுக்காடு வரைதான் இலவசம். ஆகவே வாட்டையும் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் நின்றது பிளேஸ்டேஷன் 2. 2000-ஆம் ஆண்டில் வந்தது. 2013-ஆம் ஆண்டோடு செய்வதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் உலகில் 15 கோடிக்கும் மேல் விற்றுவிட்டது. அதன் ஆட்டங்கள் எல்லாம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி போன்ற குழாய்த் தொலைக்காட்சிக்கென்றே வரைந்தவை. எழுத்துப் பெரிது, திரை சதுரம், வடம் மூன்று துளை. மெலிந்த வகை 50 வாட்டுக்குள் அடங்கும். இன்னொரு நன்மையும் உண்டு. தட்டைத் திரைகள் படத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்துக் கணக்குப் பார்த்த பின்பே காட்டும். குழாயில் அந்தக் காத்திருப்பு இல்லை. சமிக்ஞை வந்ததும் எலக்ட்ரான் கற்றை எழுதிவிடும். பொத்தானை அழுத்திய கணமே கால் பந்தை உதைக்கும். இலவசத் தொலைக்காட்சிக்கு இப்படி ஒரு பெருமை இருப்பது கொடுத்தவர்களுக்கே தெரிந்திராது.

கேம்பாயைச் செய்த குன்பெய் யோக்கோய் என்ற சப்பானியரின் வழியும் எனக்குத் துணிவு தந்தது. புதிதாய் வந்த விலை உயர்ந்த நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழகிப்போய் விலை குறைந்த நுட்பத்துக்குப் புதுப் பயன் காண்பது அவர் கொள்கை. 1989-இல் போட்டியாளர்கள் வண்ணத் திரை வைத்தார்கள். இவர் வண்ணமில்லாத் திரையும் நான்கு சிறு பேட்டரியும் வைத்தார். வண்ணம் பேட்டரியைத் தின்றது, வண்ணமில்லாதது வென்றது.

ஆனால் தம்பி யோக்கோயைப் படித்தவனல்லன். "அக்கா, அது அப்பா காலத்துப் பெட்டி. பசங்க சிரிப்பாங்க" என்றான். அந்த ஒரு சொல்லில் என் கணக்கெல்லாம் ஆட்டம் கண்டது. கோடுகளையும் வாட்டையும் எண்ணிய நான் இதை எண்ணவே இல்லை. சிரிப்புக்கு அஞ்சி அவன் மீண்டும் கடைக்கே போவானானால், பணமும் போயிற்று, வாக்கும் போயிற்று. அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவனோ கால்பந்துப் பைத்தியம். ஆஸ்டின் டவுன் நந்தன் மைதானத்தின் காற்றைச் சுவாசிக்கும் பிள்ளைகள் வேறு எப்படி இருப்பார்கள்? பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த கடைசி ஃபிஃபா ஆட்டம் 2013-இல் வந்த 14 என்னும் எண்ணுடையது. பிளேஸ்டேஷன் 3-க்கு 2018-இல் வந்த 19 வரை உண்டு. ஐந்தாண்டு வேறுபாடு. எழுத்துத் தெரியாத புதிய ஆட்டக்காரர்களா, எழுத்துத் தெரியும் பழைய ஆட்டக்காரர்களா? இதுதான் இறுதிக் கேள்வி. கடனின்றி முடிவது எது என்ற கேள்வியை அதன் பக்கத்தில் வைத்ததும் விடை கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். சாதர் பத்ரப்பா ரோடு என்பது முழுப்பெயர்; கம்பி, சில்லு, மின்விசிறி, மோட்டார், எதைக் கேட்டாலும் கிடைக்கும் தெரு. அங்கிருந்து மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட். போன இடமெல்லாம் முதல் கேள்வி, "தம்பிக்கா மேடம்?" மூன்றாவது கடையில், "எனக்கு" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பின் ஒழுங்காகப் பேசினார்.

முதலிரு கடைகளில் சில்லு பொருத்திய பெட்டி என்றார்கள். அதில் எந்த நகல் வட்டும் ஓடும். வட்டு ஐம்பது ரூபாய்தான். கை அரித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் ஐந்நூறு ரூபாய்க்காக ஒரு பையனை நிறுத்திவைத்து நேர்மை பேசிவிட்டு, அவன் கையிலேயே திருட்டு வட்டைக் கொடுப்பது எப்படி? விசாரணை நாளில் நான் வாங்கிய அரை அடிக்கும் பொருளில்லாமற் போய்விடும். வேண்டாம் என்றேன். அதனால் செலவு கூடியது.

மூன்றாவது கடையில் பெட்டியைச் சோதித்த முறையைச் சொல்கிறேன், பயன்படும். பழைய பிளேஸ்டேஷன் 2-இல் முதலில் சாவது ஒளிக்கதிர்க் கண்தான். நீல அடியுள்ள சிடி வட்டுக்கு ஓர் ஒளிக்கதிர், வெள்ளி அடியுள்ள டிவிடிக்கு வேறோர் ஒளிக்கதிர். ஒன்று உயிரோடு இருந்து மற்றது இறந்திருக்கலாம். ஆகவே இரண்டு வகை வட்டும் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம் ஓடவிட்டேன். சூடேறிய பின்பும் படிக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. கைப்பிடியின் குமிழைத் தொடாமல் விட்டபோது ஆட்டக்காரன் தானாக நகர்கிறானா என்று பார்த்தேன். கடைக்காரர் தேநீர் வரவழைத்துவிட்டார். "நீங்க என்ன வேலை மேடம்?" என்றார். "படிக்கிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை.

கைப்பிடியோடு பெட்டி 4,200. இரண்டாவது கைப்பிடி 600. எட்டு மெகாபைட்டு நினைவட்டை 350. (எட்டு மெகாபைட்டு! இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்குள் தீர்ந்துவிடும். அதில் ஆண்டுக்கணக்கான வெற்றி தோல்விகளைச் சேமித்திருக்கிறார்கள்.) ஃபிஃபா 14 கிடைக்கவில்லை; 12 கிடைத்தது. அதோடு ஈ.ஏ. நிறுவனத்தின் கிரிக்கெட் 07. இரண்டும் நகலல்லாத பழைய வட்டுகள், சேர்த்து 900. ஆக 6,050 ரூபாய். மீதி 4,100. இரண்டாவது கைப்பிடியை வாங்கும்போது கொஞ்சமும் தயங்கவில்லை. தனியாக ஆடத்தான் என்றால் பையன் ஏன் கடைக்குப் போகிறான்?

திரும்பும் வழியில் இன்னொரு கடையில் நின்றேன். தையல் பொறிக்கான மோட்டார், கால்மிதியோடு, 1,950. மிச்சம் 2,150-ஐத் தேசியத் தகுதித் தேர்வுக் கட்டணத்துக்கென்று நோட்டுக்குள் வைத்தேன். பேருந்தில் மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு பெட்டி. டிக்கெட்டு நான்தான் வாங்கினேன்.

சித்தி மோட்டாரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. இரவே பொருத்தச் சொன்னார். பெட்டியைப் பற்றி மட்டும் கணக்குக் கேட்டார். "கடையில் 121 மணி நேரம் ஆடும் காசு சித்தி. அதற்கு மேல் ஆடுவதெல்லாம் இலவசம்" என்றேன். "121 மணி நேரம் ஆடினா அவன் பத்தாவதுல என்னத்த எழுதுவான்?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை.

தம்பி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தடிப்புத்தகம் அளவுதான் இருந்தது. முகம் வாடியிருந்தது. வட்டைப் போட்டோம். எழுத்து தெளிவாய், பெரிதாய் வந்தது. அணிப் பட்டியலில் நகர்ந்துகொண்டே போனவன் நின்றான். "அக்கா, இதுல மெஸ்ஸி இன்னும் பார்சிலோனாவுலதான் இருக்காரு!" என்றான். ரொனால்டோ ரியல் மாட்ரிடில் இருந்தார். தான் சிறு குழந்தையாய் இருந்த காலத்து அணிகளை அவன் ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான், பழைய நிழற்படத் தொகுப்பைப் பார்ப்பதுபோல.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். சனிக்கிழமைகளில் அவன் இன்றும் அந்தக் கடைக்குப் போகிறான். ஒரு மணி நேரம்; கையில் காசு வைத்துக்கொண்டு. குறிப்பேட்டில் கோடு இல்லை என்று கடைக்காரரிடம் இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் நண்பர்கள் வந்து பெட்டியைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தார்கள். சிரித்துவிட்டுப் பத்து மணி வரை ஆடினார்கள்.

இன்னொரு சிக்கல், தொலைக்காட்சியில் இருப்பது மூன்றே துளைகள். சேனல் பெட்டியின் வடமும் அதற்குத்தான், விளையாட்டுப் பெட்டியின் வடமும் அதற்குத்தான். சித்தியின் தொடர் முடிந்தபின் வடத்தை மாற்ற வேண்டும். செய்திக்கு முன் திரும்ப மாற்ற வேண்டும். அந்தப் பொறுப்பு இயற்பியல் மாணவியாகிய எனக்கு.

சென்ற வாரம் ஒரு நாள் சித்தப்பா வேலை முடிந்து வந்து, கையில் வண்ணம் காயாமல், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மூன்று கோல் விட்டிருந்தான். "கீப்பரை ஏன்டா முன்னாடி இழுக்கிற? கோணத்தை அடைக்கணும்" என்றார். நாங்கள் இருவரும் திரும்பினோம். இளவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தன் மைதானத்தில் அவர் கோல்காவலராய் நின்றதும், முழங்கால் போனதும் அன்றுதான் எங்களுக்குத் தெரியும். தம்பி ஒன்றும் பேசாமல் இரண்டாவது கைப்பிடியை அவரிடம் நீட்டினான். பெருவிரலில் தோல் காய்த்துப் போயிருந்ததால் குமிழ் அவருக்கு வழுக்கியது. ஏழு கோல் வாங்கினார். எட்டாவதைத் தடுத்தபோது சந்து முழுவதும் கேட்கும்படி கத்தினார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மூன்றாவது ஆளாக. ஆட்டம் முடிந்ததும் சித்தப்பா கைப்பிடியைத் துணியில் துடைத்து என்னிடம் கொடுத்தார். "உனக்கு எந்த டீம் அக்கா?" என்றான் தம்பி. உள்ளிருந்து மோட்டார் சத்தத்தின் நடுவே சித்தியின் குரல் வந்தது: "ஒன்பதரைக்கு வயரை மாத்திடணும்!"

கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் இருந்தது.